நிற்கத் தெரிய வேண்டும்!

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவரிடம் நாலு பேர் என்ன கேட்பார்கள்? "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" "எத்தனை பேர் உட்காரலாம்?" "பின் ஸீட்டுக்கு ஏ.ஸி. உண்டா?" இவ்வளவுதான். "வண்டி நன்றாக நிற்குமா?" என்று கேட்டவரை நான் வெகு நாட்களாகச் சந்தித்ததே இல்லை. சென்ற மாதம் பல்லடத்தில் சந்தித்தேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்ட இடம் வால்பாறை மலைச்சாலை.

நண்பர் பல்லடத்தில் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். கோயமுத்தூர் - திருச்சி சாலையில் நூல் மூட்டைகளும் கறிக்கோழிக் கூண்டுகளும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றனவே, அந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வாசலில் ஏழு பேர் உட்காரக்கூடிய உயரமான வண்டி ஒன்று நிற்கிறது. எஸ்.யூ.வி. என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்களே, அந்த ஜாதி. வயது எட்டு.

பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பத்தோடு வால்பாறை போயிருக்கிறார்கள். ஆழியாற்றிலிருந்து மேலே ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போதுதான் வினை. பாதி மலை இறங்கி, ஆழியாறு அணை பளபளவென்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில் பிரேக்கை மிதித்தார். வழக்கமாகப் பாதத்தை எதிர்த்து நிற்கும் மிதி, பஞ்சு மெத்தை போல அமுங்கிக்கொண்டே போயிற்று!

"என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"செய்யறதுக்கு என்னங்க இருக்குது? ரெண்டாவது கியர்ல போட்டேன், அப்புறம் ஒண்ணாவது. கைப் பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்தேன். மலைப்பக்கமா மண்மேட்டுல உரசி நிறுத்தினேன். பின்னாடி அம்மா, பாப்பா, மச்சான் குடும்பம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்லீங்க."

அதைவிட ஆச்சரியம், ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி திடமாக இருந்ததாம்! அவருடைய தாயார் ஆழியாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காவல் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். வேண்டுதலில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் போன பிரேக் திரும்பி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், வண்டியின் பிரேக்கை எப்படிப் பலப்படுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டம் எங்கே போகிறது?

பிரேக் செய்வது ஒரே ஒரு காரியம்தான். வண்டியின் ஓட்டத்தை உஷ்ணமாக மாற்றுகிறது. ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தடவை நிறுத்தினால் பிறக்கும் உஷ்ணம், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரப் போதும். அடுப்பில் எத்தனை நிமிஷம் ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பிரேக்குக்கு நாலைந்து விநாடிதான்!

இது சமவெளிக் கணக்கு. அதே வண்டி மலையில் 1000 மீட்டர் உயரம் இறங்கினால் 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் காய்ச்சும் அளவுக்கு உஷ்ணம் பிறக்கும். எஞ்ஜினைக் கொண்டு வேகத்தை அடக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இரும்பு டிஸ்க்குகள்தாம் தாங்க வேண்டும். அதிலும் முன் சக்கரங்களுக்கே சுமை அதிகம். பிரேக் போட்டதும் நாமெல்லாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படியே முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன் பிரேக்கைச் சேர்ந்தது. ஆகையால்தான் பிரேக்கைப் பலப்படுத்துகிறவர்கள் முன்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

இனி நண்பரின் மர்மத்துக்கு வருவோம். நாம் மிதிக்கும் மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், அது எண்ணெய் அல்ல, தண்ணீரை உறிஞ்சும் குணமுள்ள ஒரு திரவம். டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். மிதி பஞ்சானது அதனால்தான். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாயிற்று, பிரேக்கும் "திரும்பி" வந்தது. நண்பர் பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன். "அதை வேற மாத்தணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்!

முதலில் செய்தவள் ஒரு பெண்

குடும்ப வண்டியின் பிரேக்கை வழியிலேயே பலப்படுத்திய முதல் ஆள் யார் தெரியுமா? ஒரு பெண்மணி. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவர் செய்த மூன்று சக்கர மோட்டாரில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கேதான் அவளுடைய தாயார் இருந்தார். நூறு கிலோமீட்டர் பிரயாணம். கணவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை! வழியில் இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துவிட்டது. அம்மாள் கலங்கவில்லை. ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டைகளின் மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னாள். இன்று நாம் பிரேக் பேட் என்று கடையில் வாங்குவது அந்தத் தோலின் பேரப்பிள்ளைதான்.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்றார். அதன் பெருமை உலகுக்குத் தெரிந்தது 1953-இல். அவ்வருஷம் பிரான்ஸில் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போயின. வேகமாக ஓடியதால் மட்டுமல்ல. வளைவு வரும்வரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, கடைசி நிமிஷத்தில் அடக்க முடிந்ததால். நம் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கியது 1962-இல்.

பெரிய தட்டா, நல்ல தட்டா?

வால்பாறையிலிருந்து வந்த மறுநாளே நண்பர் ஒரு கடைக்குப் போனார். "வேறே வண்டியின் பெரிய டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் மாட்டிவிடலாம்" என்று யோசனை சொன்னார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேயர்களே, கொஞ்சம் பொறுங்கள்.

வண்டியைக் கடைசியில் நிறுத்துவது தரையைப் பற்றும் டயர். பிரேக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் டயரின் பிடிப்புக்கு மேல் பிரயோசனம் இல்லை. பெரிய டிஸ்க் உஷ்ணத்தை அதிகம் தாங்கும். ஆனால் முன் பிரேக்கை மட்டும் பெரிதாக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் தயாரிப்பாளர் போட்டு வைத்த கணக்கு குலைந்துவிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரரோடு வாதாட வேண்டி வந்தால் யார் துணை?

நண்பர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. டிஸ்க்கும் காலிப்பரும் அதே அளவு. டிஸ்க் புதிது, அதிக உஷ்ணம் தாங்கும், கனமான வண்டிக்கென்றே செய்த நல்ல பேட், வெடிப்பு விட்டிருந்த ரப்பர் ஹோஸுகளுக்குப் பதில் புதியவை, புதுப் பிரேக் ஆயில். பந்தயக் கார் பேட் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது பிடிக்காது!

ஞாயிற்றுக்கிழமை வேலை

வேலை வீட்டு வாசலிலேயே நடந்தது. தறியைக் கழற்றிப் பூட்டிய கை, ஸ்பானர் பிடிக்கத் தயங்கவில்லை. ஆனாலும் முதல் தடவை என்பதால், பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். "பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கும் கூலி உண்டுங்க" என்றார் அண்ணன். நியாயமான கூலிதான்.

நீங்கள் செய்வதானாலும் இந்த வரிசைதான்: சமதரையில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கியில் தூக்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் கையோ காலோ நீட்ட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை விடுவித்து, கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெட்டுப்போகும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கம் தொடுங்கள். எது எங்கே என்ற சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய பேட்டுகளின் தூசி நுரையீரலுக்கு எமன். மற்றத் தூசியும் நல்லதல்ல. முகமூடி கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள். காலிப்பர் நகரும் பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை மெல்லத் தடவுங்கள். நண்பரின் வண்டியில் ஒரு பின் துருவேறி அசையவே இல்லை. அந்தப் பக்கம் ஒரு பேட் தகடு தெரியத் தேய்ந்திருந்தது; அதன் ஜோடி பாதிகூடத் தேயவில்லை! புது டிஸ்க்கின் மேல் பூசிய துரு காக்கும் எண்ணெயைத் துடைக்காமல் மாட்டினாலும், பேட்டின் முகத்தில் கிரீஸ் பட்டாலும் செய்த வேலை அத்தனையும் வீண்.

கடைசியாக ஏர் எடுப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். நண்பரின் மனைவி டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தார். "மிதி!" "பிடி!" "இப்ப விடு!" என்று கீழேயிருந்து உத்தரவு.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளாவது நான் சொல்ல நீங்க கேக்கக் கூடாதா?" என்றார் அம்மாள் மேலேயிருந்து.

வேடிக்கைதான், ஆனால் நிப்பிளை மூடுவதற்கு முன் மிதியை விட்டுவிட்டால் காற்று உள்ளே போய்விடும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். என்ன ரக ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் ஏர் எடுக்கக் கம்ப்யூட்டர் கருவி வேண்டும். அப்படியானால் தயங்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் முன், மிதி கல்லாகும் வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்து வண்டியை நகர்த்தியவர்கள் எதிர்ச் சுவரை இடித்திருக்கிறார்கள். பிறகு போக்குவரத்து இல்லாத சாலையில், வேகத்தை 50-லிருந்து 10-க்குப் பத்துத் தடவை நிதானமாகக் குறையுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். புது பேட்டும் புது டிஸ்க்கும் பழகிக்கொள்ள இது வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

கடைசிப் பாகம்

அன்று மாலை நண்பருடன் நானும் வண்டியில் போனேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. "தறியில ஊடை அறுந்துதுன்னா அந்த நிமிஷமே தறி நிக்கணுமுங்க. நிக்காட்டி துணி கெட்டுது. தறிப் பிரேக்கை வாரா வாரம் பார்ப்பேன். பிள்ளைங்க உக்கார வண்டிப் பிரேக்கை எட்டு வருஷமாப் பார்க்கலை பாருங்க!" என்றார். அவர் குரலில் இருந்தது வெட்கமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் புதுச் சாமான் பூட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. வால்பாறையில் அன்று மூன்றாவது கியரிலேயே இறங்கி, பிரேக்கை மிதித்தபடியே வந்தாராம். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். எஞ்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். இந்த அபிவிருத்திக்குக் காலணாச் செலவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சில நூறு ரூபாய். குடும்பத்தைக் காப்பதில் பெரிய டிஸ்க்கைவிட இவை இரண்டுக்கும்தான் பங்கு அதிகம்.

வீடு திரும்பியதும் நண்பரின் தாயார் திண்ணையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, வண்டி நல்லா ஓடுதா?"

"நன்றாக நிற்கிறது, அம்மா!" என்றேன்.

"அது போதுஞ் சாமி. மறுபடி வால்பாறைக்குப் போலாம்" என்றார்.

உங்கள் வீட்டு வண்டியில் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று? இந்தப் பக்கத்தைப் புரட்டு முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.