சேற்றுக்குள் ஒரு மலை

தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருவாரூரின் உயரம் பத்து மீட்டருக்கும் குறைவு. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், அவ்வளவுதான். இந்த ஒரு மீட்டரை நம்பித்தான் மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து கடைமடைவரை ஓடி வருகிறது. தண்ணீருக்குப் போதுமான அந்த இறக்கம் சைக்கிளுக்குப் போதாது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தச் சரிவு முன்னோக்கித் தள்ளும் விசை 80 கிராம் எடைக்குச் சமம். நல்ல தார்ச்சாலையில் டயர் உருளும்போது பின்னுக்கு இழுக்கும் விசையோ 400 கிராம். கடலை நோக்கிப் போகிறோம், இறக்கம்தானே என்று மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், மலைப்பாதைக்கென்று செய்த கியர் சைக்கிளுக்கு என்ன வேலை? தார்ச்சாலையில் ஓட்டுகிறவரைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மன்னார்குடி சாலையிலிருந்து இறங்கி ஓர் ஏரிக்கரை மண்பாதையில் ஏறிப் பாருங்கள், அதுவும் ஐப்பசி மழைக்குப் பிறகு. டெல்டாவின் மலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டயர் உருளும்போது தரை கொடுக்கும் எதிர்ப்பை உருள்தடை என்பார்கள். தாரில் அது மொத்த எடையில் அரை சதவீதம். இளகிய மண்ணில் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை ஏறிவிடும். இந்த எண்ணில் ஓர் அழகு இருக்கிறது. உருள்தடை எட்டு சதவீதம் என்றால், அது நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் மேட்டில் மிதிப்பதற்கு அப்படியே சமம். கால் தசைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் கடித்து ஏறுகிறதே நீலகிரி ரயில், அதன் மிகச் செங்குத்தான பகுதியின் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு சேற்றுக்கரை, இருந்த இடத்திலேயே குன்னூர் மலையாகிவிடுகிறது. ஒரே வித்தியாசம், இந்த மலையில் ஏறி முடித்தால் இறக்கம் கிடையாது. மேட்டில் செலவழித்த சக்தியை இறக்கம் திருப்பிக் கொடுக்கும். மண்ணைப் பிசைந்த சக்தி போனது போனதுதான்.

அந்த மண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். திருவாரூர் மாவட்டத்து வயல்களில் பெரும்பகுதி கனத்த களிமண். இதில் ஸ்மெக்டைட் என்ற வகைக் கனிமம் அதிகம். அதன் துகள்கள் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு கனமே உள்ள தகடுகளாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை. இந்த வகையில் தூய களிமண் ஒரு கிராம் எடுத்து எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்பினால், சுமார் 750 சதுர மீட்டர் வரும். பதினெட்டு சென்ட், நம் கணக்கில் அரை மாவுக்கும் மேல். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் அரை மா நிலம்! தண்ணீர் அந்த ஒவ்வொரு தகட்டிடுக்கிலும் நுழைகிறது, மண் உப்புகிறது. கோடையில் அது வெளியேறும்போதுதான் வயல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது.

ஈரம் ஏற ஏறக் களிமண்ணின் குணமும் மாறுகிறது. 1911 வாக்கில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் அட்டர்பர்க் இதற்கு எல்லைகள் வகுத்தார். குழைவு எல்லைக்குக் கீழே மண் கட்டியாக நிற்கும். நீர்ம எல்லைக்கு மேலே கூழாக ஓடும். சைக்கிளுக்கு ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில். நல்ல மழை பெய்யும்போது ஓட்டுவதைவிட, மழை விட்டு மறுநாள் வெயில் லேசாக அடித்த பிறகு ஓட்டுவது ஏன் கடினம் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் அனுபவத்தில் சொல்வார்கள். அப்போது மண், தன்னோடு தான் ஒட்டியிருப்பதைவிட ரப்பரோடு பலமாக ஒட்டுகிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, சக்கரத்தையே சுற்றவிடாமல் நிறுத்திவிடும். பழைய சைக்கிளைக் குச்சியால் நோண்டி நோண்டித் தள்ளிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான்.

மலைச் சைக்கிளில் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருக்கும். டயரின் ரப்பர் மொட்டுகளும் தள்ளித் தள்ளி நிற்கும். மீதி வேலையை வேகம் பார்த்துக்கொள்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது, டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மண்ணை வெளியே வீசும் விசை அதன் எடையைப் போல ஐந்து மடங்கு. பத்து கிலோமீட்டரில் அது இரண்டேகால் மடங்குதான். பயந்து மெதுவாக மிதிக்கிறவருடைய சக்கரத்தில்தான் சேறு தங்கும்.

அடுத்தது காற்று. வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ என்று காற்றடித்தால், 80 கிலோவைத் தாங்க மொத்தம் 40 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் பட வேண்டும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தானே தட்டையாகி 80 சதுர சென்டிமீட்டராக விரியும். இந்தத் தொடுபரப்பை யாரும் அளந்து வைப்பதில்லை. வண்டி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. காற்று குறைய, மண்மேல் அழுத்தம் குறைகிறது. டயர் புதைவதும் குறைகிறது. தாரில் வேகத்தைக் கெடுக்கும் குறைந்த காற்று, சேற்றில் வேகத்தைக் கொடுக்கிறது. ஆனால் அவ்வளவு குறைந்த காற்றில் சக்கர வளையம் தரையில் இடிக்காமல் இருக்க டயர் பருமனாக இருக்க வேண்டும்.

அந்தப் பருத்த டயர் மலையில் பிறந்ததல்ல என்பது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1933இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம், தெருவில் ஓட்டும் பிள்ளைகளுக்காக இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் பருமன் உள்ள பலூன் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனம் இருந்த சிகாகோவும் நம் டெல்டாவைப் போலவே தட்டையான நிலம். நாற்பது ஆண்டு கழித்து, கலிபோர்னியாவின் தமால்பாயிஸ் மலைப்பகுதி இளைஞர்கள் அந்தப் பழைய வண்டிகளை வாங்கி மலைமேல் கொண்டுபோய் உருட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் நடத்திய முதல் பந்தயத்துக்குப் பெயர் ‘ரீபேக்’. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது, அதனால்தான் அந்தப் பெயர். அந்தக் கும்பலில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டம் செய்தார். சமவெளிக்குப் பிறந்து மலைக்குப் போன டயர், இப்போது காவிரிச் சமவெளிக்கு வந்திருக்கிறது.

சேற்றை வெல்ல, அதன்மேல் மிதக்கும் இந்தப் பருத்த டயருக்கு நேரெதிரான வழியும் உண்டு. மிதக்காமல் வெட்டிக்கொண்டு போவது. சேற்றிலும் மேட்டிலும் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் 33 மில்லிமீட்டருக்கு மேல் டயர் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. அந்த மெல்லிய டயர் மேலே உள்ள கூழைக் கிழித்து, அடியில் இருக்கும் கெட்டியான அடுக்கைத் தேடிப் பிடிக்கிறது. நம் பால்காரரின் 28 அங்குல சைக்கிளும் இந்தக் கட்சிதான். வயலுக்குள் இறங்கினால் இரண்டு உத்திகளும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல், எடையை அகலமாகப் பரப்பவும் செய்கிறது; அதன் இரும்புக் கம்பிகள் சேற்றுக்குள் இறங்கிப் பிடிமானம் தேடவும் செய்கின்றன. ஆழமான சேற்றில் மிதப்பதும், மேலாகக் கூழும் அடியில் கட்டாந்தரையுமாக இருந்தால் வெட்டுவதும் நல்லது.

இனி கியர். பழைய வண்டியில் முன்பல் 44, பின்பல் 18. ஒரு மிதிக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். எட்டு சதவீதச் சேற்றில் அதற்குக் கால் கொடுக்க வேண்டிய சராசரி விசை 32 கிலோ. மலைச் சைக்கிளின் மிகச் சிறிய கியரில் முன்னே 22, பின்னே 32. ஒரு மிதிக்கு 1.4 மீட்டர்தான், ஆனால் கால் கொடுப்பது எட்டரை கிலோ. வேலை குறையவில்லை. அது நான்கு தவணையாகப் பிரிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

சேறு இல்லாத நாளிலும் இங்கே ஒரு மலை உண்டு. ஆடிக்காற்றில் திருவாரூரிலிருந்து மேற்கே மன்னார்குடிப் பக்கம் மிதித்தவர்களுக்கு அது தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை அதே வேகத்தில் எதிர்காற்று அடித்தால், எதிர்ப்பு நான்கு மடங்காகி இரண்டரை கிலோவைத் தொடும். மூன்று சதவீத மேடு. மறைக்க மேடோ காடோ இல்லாத நெல்வெளியில் இந்த மேடு பத்து இருபது கிலோமீட்டர் விடாமல் நீளும்.

ஏரிக்கரைக்கு வருவோம். கரையின் இடது விளிம்பை ஒட்டிப் போகிறீர்கள், கீழே வாய்க்கால். வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினால் போதும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் சக்கரம் வலப்பக்கம் நகர, உடல் இடப்பக்கம் சாய்ந்து வாய்க்காலில் விழும். சைக்கிள் வலப்பக்கம் திரும்ப, முதலில் வலப்பக்கம் சாய வேண்டும். அதற்குக் கண நேரம் ஹேண்டில்பாரை இடப்பக்கம், வாய்க்காலை நோக்கியே, லேசாகத் திருப்பியாக வேண்டும். இதன் பெயர் எதிர்த்திருப்பல். சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் அறியாமலே இதைச் செய்கிறோம். விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார். முழுவதும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. விளிம்புக்கு மிக அருகே போய்விட்டால் அந்தச் சிறு இடது திருப்பத்துக்கும் இடம் இருக்காது. வாய்க்கால் இழுப்பது போலத் தோன்றுவது இதனால்தான். சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது என்ற கேள்விகூட இன்னும் ஓயவில்லை. சக்கரம் பம்பரம்போல் சுழல்வதால்தான் நிற்கிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2011இல் ஓர் ஆய்வுக்குழு அந்த விளைவை முற்றாக ரத்து செய்த ஒரு சைக்கிளை உருவாக்கியது. ஆளில்லாமல் தள்ளிவிட்டால் அதுவும் தானே நிமிர்ந்து ஓடியது.

ஏரிக்கரை பறவைகளுக்கும் உரியது. திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது, அதன் பரப்பு 112 ஹெக்டேர். 2022இல் அதுவும், இதே மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரமும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே ஏரிகள், பயிருக்குத் தேக்கிய தண்ணீரில்தான் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வாழ்கின்றன. பறவைகள் நிறைந்திருப்பது கார்த்திகை, மார்கழி. களிமண் மிக மோசமாக இருப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். ஈரக் கரையில் டயர் போட்ட தடம் அடுத்த மழைக்குச் சிற்றோடையாகி மண்ணை அரிக்கத் தொடங்கும். அருகம்புல் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் கரையைக் கிழிக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே அந்த மாதங்களில் வனத்துறை விட்டிருக்கும் கெட்டிப் பாதையோடு நிற்பதுதான் முறை. தள்ளிக்கொண்டு நடந்தாலும் தவறில்லை. அறுவடை முடிந்த மாசியில் மண் இறுகிவிடும். கிராமப் பாதைகளில் அப்போது ஆசை தீர ஓட்டலாம்.

தெற்கே போகப் போக, முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடும் இடத்தில், எந்த டயரும் தோற்கும் சேறு தொடங்குகிறது. காற்றே புகாத சேறு. அங்கே அலையாத்தி மரங்கள் மூச்சு விடுவதற்காக வேர்களை விரல் விரலாக மேலே நீட்டியிருக்கின்றன. ஜாம்பவானோடையில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படகு ஏற வேண்டியதுதான்.