எலியை ஒழிக்க நஞ்சு வேண்டுமா?

பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசையைச் சுற்றி வீட்டு மனைகளும் தொழிற்பேட்டையும் பெருகிவிட்ட போதிலும், நெல் வயல்கள் அறவே மறைந்துவிடவில்லை. வயலும் வீடும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் எலிக்குக் கொண்டாட்டந்தான். அறுவடை முடிந்ததும் அது வரப்பை விட்டு வீட்டுக்குக் குடிவந்துவிடுகிறது. நாமும் உடனே கடைக்குச் சென்று நஞ்சு வாங்கி வருகிறோம்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமழிசைக்குத் தொலைவில்லாத குன்றத்தூர்ப் பகுதியில், 2024 நவம்பரில், ஒரு வீட்டில் எலிக்கென வைத்த மருந்தினால் இரு சிறு குழந்தைகள் உயிரிழந்தனர். அம்மருந்தை அவர்கள் தின்னவில்லை. இரவு உறங்கும்போது அதன் நெடியைச் சுவாசித்தனர் என்றே செய்திகள் கூறின.

நெல்லிலும் அரிசியிலும் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அத்தகைய கொடிய பொருளே. காற்றின் ஈரம் பட்டதும் அதினின்று பாஸ்பீன் என்னும் நச்சுவாயு எழுகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மனிதர் உறங்கும் வீட்டில் இம்மாத்திரைக்கு இடமே இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையோ கல்லீரலை அழிப்பது.

நஞ்சின்றி எலியை அடக்க இயலாதா? இயலும், சற்று உழைப்பு வேண்டும். முதலில், அது நுழையும் வழியை அடைக்க வேண்டும். சுவர்ப் பொந்துகளில் கண்ணாடித் துண்டுகளைச் செருகிச் சிமெண்டு பூசலாம். கதவின் அடியில் தகரம் அடிக்கலாம். தானியத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வைக்கலாம். எலிப்பொறியை நடு அறையில் வைத்துப் பயனில்லை. எலி சுவரோரமாகவே ஓடும். ஆதலின் அங்கேயே வைத்தல் வேண்டும். முதல் இரண்டு இரவுகள் பொறியை இழுத்து மாட்டாமல், மசால் வடையை மட்டும் வைத்தால் எலியின் ஐயம் நீங்கும். வடை வீணாகிறதே என்று வருந்த வேண்டுவதில்லை!

வயலில் வேலை வரப்பிலிருந்து தொடங்குகிறது. அகன்ற வரப்பில்தான் எலி வளை தோண்டும். வரப்பைக் குறுக்கிச் செதுக்கிப் புல்லின்றி வைத்திருந்தால் அதற்கு மறைவிடமில்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் வில்பொறி செலவு குறைந்தது. ஆந்தை அமர்வதற்குக் குறுக்குக் கம்பு கட்டிய கழிகளை நடலாம். கதிர் பால்பிடிக்கும்போது அவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளும் வந்து அமரும்.

வளை கண்டு எலி பிடிப்பதில் இருளர் மக்களுக்கு நிகர் இல்லை. பாம்பின் நஞ்சை எடுத்து, விஷமுறிவு மருந்து செய்வதற்கு வழங்கும் பொருட்டு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் அவர்கள். வளையில் புகையூட்டி எலியைப் பிடிப்பதுடன், அது பதுக்கிய நெல்லையும் மீட்டு எடுப்பர். ஒருவர் தம் வயலில் மட்டும் இதைச் செய்தால் அடுத்த வயல் எலி நாளை இங்கே வரும். எனவே நடவுக்கு முன் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் எலி பிடிக்க, நியாயமான கூலி பேசி அவர்களை அழைக்கும் பொறுப்பைப் பஞ்சாயத்து ஏற்பது நலம் எனக் கருதுகிறோம்.

பயறு வகைகளை நன்கு வெயிலில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ இட்டு வைக்கலாம். விதைக்கென வைத்ததில் சாம்பல் கலப்பதும் பழைய வழக்கமே.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். எலிப் பசையை உண்டவர் ஓரிரு நாட்கள் நலமாகவே தோன்றுவார். அதன் பின்னரே கல்லீரல் கெடும். ஆகவே காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.