காரையில் படிந்த கடற்சேறு

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு கிராமம். அதையொட்டி, மழைநீர் அறுத்து அறுத்துச் செம்பழுப்பு மேடுகளும் பள்ளங்களுமாக விட்டுவைத்த நிலம் கிடக்கிறது. புல் பிடிப்பதே அரிது. குனிந்து பார்த்தபடி நடந்தால் தோட்டா வடிவில் கல் தட்டுப்படும். கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற கடலுயிரின் உள்ளோடு அது. (பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், அடுத்து வருபவரும் பார்க்கட்டும்.) இன்றைய கடற்கரை அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே இருந்தது.

அந்தக் கடலடிச் சேறு மேற்கே இருந்த கருங்கல் நிலத்திலிருந்து வந்தது. கருங்கல்லை உடைத்துப் பாருங்கள்: கண்ணாடிபோல் வெங்கச்சங்கல், வெளிறிய ஃபெல்ஸ்பார், தகடு தகடாகக் காக்காப்பொன். மூன்றின் ஆயுளும் ஒன்றல்ல. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் மென்மையான அமிலம். வெயிலும் வேரும் அகலமாக்கிய வெடிப்புகளில் அது இறங்கினால் ஃபெல்ஸ்பார் தாங்காது; பொட்டாசியமும் சோடியமும் கரைந்து ஓட, மிஞ்சுவது களிமண். குயவர் சக்கரத்தில் சுழலும் மண் ஒருகாலத்தில் கருங்கல்லாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். கருங்காக்காப்பொன்னின் இரும்பு துருவேறி மண்ணைச் சிவக்கவைக்கிறது. வெங்கச்சங்கல்லை மட்டும் அமிலம் அவ்வளவாகத் தொடுவதில்லை. சுற்றியிருந்த பிடிமானம் போனதும் அது உதிர்ந்து மணலாகிறது.

மற்றதை ஆறு பார்த்துக்கொள்கிறது. வேகம் குறையக் குறையக் கூழாங்கல், மணல் என்று கனத்தின் வரிசையில் இறக்கிவைக்கிறது. களி, அலை அடங்கிய ஆழம்வரை போய்ப் படிகிறது. மேலே சேரும் பாரம் நீரைப் பிழிந்தெடுக்க, ஊறும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்போ சிலிக்காவோ துகள்களைக் கட்டடச் சாந்துபோலப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துக் கருடமங்கலத்தில் சிப்பிகள் அப்படியே இறுகிய சுண்ணக்கல் கிடைக்கிறது. மெருகேற்றினால் ஓடுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ‘திருச்சி மார்பிள்’ என்று பெயர் பெற்ற அலங்காரக் கல் அதுதான். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணக்கல் தருவதும் அந்தப் பழைய கடலே.

காரையின் களி அந்த அளவுக்கு இறுகவில்லை. அதனால் ஒவ்வோர் ஐப்பசி மழையிலும் அது கரைகிறது; ஓடைகள் கலங்கி, கடல் இருக்கும் கிழக்கைப் பார்த்து ஓடுகின்றன.