கரையிலே காத்திருக்கும் ஆபத்து

கடலில் மூழ்குவோருக்கு ஆபத்து ஆழத்திலேயே உண்டென நாம் எண்ணுகிறோம். கலிபோர்ணியாவிலே, கார்மேல் நகருக்குத் தெற்கேயுள்ள மொனாஸ்ட்ரி கடற்கரையில் நிலைமை வேறு. வீதிக்கு அப்பால் கன்னியர் மடம் ஒன்று இருப்பதால் வந்த பெயர் அது.

கரையின் இரு முனைகளிலும் பாறைகள்; அவற்றின்மேல் கெல்ப் என்னும் இராட்சதக் கடற்பாசி காடாக வளர்ந்து நிற்கிறது. நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு 2 அடி வரை வளரவல்லது அது! உண்மையான வேர் அதற்கில்லை. அடிப்பாகம் பாறையை இறுகப் பற்றிக்கொள்ள, காற்று நிரம்பிய சிறு பைகள் இலைகளை நீர்மட்டத்துக்குத் தூக்கி நிறுத்துகின்றன. அவற்றினூடே சாய்ந்து விழும் வெயிலில் மீன்கள் திரியும் காட்சிக்காகவே, மூழ்குவோர் கடுங்குளிரையும் பொருட்படுத்தாது வருகின்றனர்.

திரும்பும்போதுதான் சோதனை. கடலடிப் பள்ளத்தாக்கொன்று அருகிலேயே தொடங்குவதால் கரையை ஒட்டியே கடல் ஆழமாகிவிடுகிறது. அலைகள் தொலைவில் உடைந்து தளராமல், செங்குத்தான பருமணற் சரிவிலே வந்து அறைகின்றன. கனத்த காற்றுக் கலனைச் சுமந்தவர் அங்கே எழுந்து நிற்க முயன்றால் காலடி மணல் சரியும். அடுத்த அலை அவரை உருட்டி உள்ளே இழுக்கும். இவ்வாறு உயிரிழந்தோர் பலர். பிணவறைக் கடற்கரை என்னும் பட்டப்பெயரும் அதற்குண்டு.

ஆகவே அநுபவசாலிகள், முகக் கண்ணாடியையும் வாயிலுள்ள சுவாசக் குழாயையும் கழற்றாமலே, குழந்தைகளைப்போலத் தவழ்ந்து கரையேறுகின்றனர். பார்ப்போர் நகைக்கக்கூடும். அலை எட்டாத மேட்டை அடைந்த பின்னரே அவர்கள் எழுந்து நிற்கின்றனர்.