மேட்டுச்சாலையில் சைக்கிள்: பிரான்ஸ் சட்டம் தரும் காப்பு

தென்மேற்குப் பிரான்சில் சைக்கிள் மிதிப்பவர் பல ஊர்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். சேன்-சிர்க்-லபோப்பி, லொத் நதிக்குச் சுமார் நூறு மீட்டர் மேலே பாறை விளிம்பில் நிற்கிறது. ரொக்கமதூர் செங்குத்துப் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. கொர்த்-சுர்-சியேல், துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் 1222இல் குன்றின் உச்சியில் நிறுவிய ஊர். பகைவருக்கு எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் இன்று அவற்றைப் பார்க்கப் போகிறவர் ஏறித்தான் தீர வேண்டும், பிறகு இறங்கியும் தீர வேண்டும். அங்கே போகும் மாவட்டச் சாலைகள் பெரும்பாலும் குறுகலானவை. ஓரத்தில் ஒதுங்க இடமிருக்காது. கார்களோ மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரலாம், சில மாவட்டங்களில் 90 வரைகூட.

பயண நூல்கள் கோட்டையையும் திராட்சைத் தோட்டத்தையும் வர்ணிக்கும் அளவுக்குச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதில்லை. இது பெரிய குறை. சாலையில் அடிபட்ட சைக்கிள்காரருக்குப் பிரான்ஸ் தரும் காப்பு மிக வலுவானது. அது தெரியாதவர் காப்பீட்டு நிறுவனம் நீட்டும் முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வர வேண்டியதில் ஒரு பகுதியோடு ஊர் திரும்புகிறார்.

முதலில் சாலையில் உங்களுக்குள்ள இடம். உங்களை முந்தும் வண்டி ஊருக்குள் ஒரு மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும். தவறினால் ஓட்டுநருக்கு 135 யூரோ அபராதம், உரிமத்தில் மூன்று புள்ளிகள் குறைப்பு. அந்த இடைவெளி விடுவதற்காக, எதிரே தெளிவாகத் தெரிகிற இடத்தில், நடுவிலுள்ள தொடர்கோட்டைத் தாண்டவும் 2015 முதல் அனுமதி இருக்கிறது. ஆகவே ‘கார்காரர் பாவம், வழிவிடுவோம்’ என்று மண்ணோரத்தில் இறங்கி ஓட்டத் தேவையில்லை. அப்படி ஓட்டுவதுதான் ஆபத்து. இருவர் இணையாகப் போகலாம். இருட்டினாலோ பின்னால் வண்டி முந்த வந்தாலோ ஒருவர் பின் ஒருவராக வேண்டும்.

இந்தியா, இலங்கை, பிரிட்டன் மூன்றிலும் இடப்பக்கம் ஓட்டியே பழகியவர்கள் நாம். பிரான்சில் வலப்பக்கம். நெரிசலான நகரத்தில் இது மறக்காது, மற்ற வண்டிகளே இழுத்துக்கொண்டு போய்விடும். காப்பி குடித்துவிட்டு ஆளில்லாத கிராமச் சாலையில் மறுபடி ஏறும் அந்த நொடியில்தான் பழக்கம் தலைதூக்கும். பழைய கிராமங்களில் இன்னொரு விதியும் உண்டு. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும், நீங்கள் பெரிய தெருவில் போனாலும், நின்று வழிவிட வேண்டியவர் நீங்கள்தான்.

வாடகை சைக்கிளில் பிரேக்கை முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் வலது கைப்பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கும். பிரான்சில் பெரும்பாலும் இடது கைப்பிடி. கொண்டை ஊசி வளைவில் பதறி அழுத்தும்போது முன்சக்கரம் இறுகினால் ஆள் கைப்பிடிக்கு மேலே போய் விழுவார். கடையிலேயே சொன்னால் மாற்றித் தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் சமதரையில் கொஞ்ச நேரம் ஓட்டிக் கைக்குப் பழக்கிய பிறகே மலைக்குப் போங்கள்.

கடமைகளும் உண்டு. 12 வயதுக்குட்பட்ட குழந்தை, ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும், ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் மலை இறக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகாதீர்கள். 1995 டூர் தெ பிரான்சில் போர்தே-தாஸ்பே கணவாய் இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஃபாபியோ கசார்த்தெல்லி. அன்று அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேலாடை கட்டாயம். முன் பின் விளக்கு, மணி, இரண்டு பிரேக் இருக்க வேண்டும். காதில் இயர்போன் கூடாது, கையில் போன் கூடாது. இரண்டுக்கும் 135 யூரோ. திராட்சைத் தோட்டங்களில் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்.

வெயிலைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலா?’ என்ற நினைப்பு. மேடேறும்போது உடல் தானும் சூடாகிறது, மரநிழல் இல்லாத சுண்ணாம்புப் பாறையும் சூட்டைத் திருப்பி அடிக்கிறது. சுமார் 1,910 மீட்டர் உயரமுள்ள வோந்து மலையில் 1967 ஜூலை 13 அன்று ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் சுருண்டு விழுந்து இறந்ததற்குக் கடும் வெயிலும் அவர் எடுத்திருந்த ஊக்கமருந்தும் மதுவும் சேர்ந்தே காரணமாயின. பிரான்சின் வானிலைத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை தருகிறது. ஆரஞ்சு வந்தால் அன்றைய மேட்டை விட்டுவிடுங்கள். உணவகங்களும் மதுக்கூடங்களும் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருப்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். ஆல்ப்ஸ், பிரெனே மேய்ச்சல் நிலங்களில் ஆட்டுமந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்துவிடுங்கள். கம்பை ஓங்குவதும் வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பதும் அவற்றைத் தூண்டிவிடும்.

இனி, மோதல் நடந்துவிட்டால்.

1985 ஜூலை 5ஆம் தேதிச் சட்டத்தை, அன்றைய நீதி அமைச்சர் ரொபேர் பதன்தேர் பெயரால் பதன்தேர் சட்டம் என்கிறார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் மரண தண்டனையை ஒழித்த அதே அமைச்சர். மோட்டார் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் நடந்து சென்றவரோ சைக்கிள்காரரோ காயப்பட்டால், அவருடைய உடல் இழப்புக்கு வண்டியின் காப்பீட்டாளர் முழுமையாக ஈடு செய்ய வேண்டும் என்பது இதன் சாரம். சைக்கிள்காரர் கவனக்குறைவாக இருந்தார், முன்னுரிமை தரவில்லை என்பதைக் காட்டி அதைக் குறைக்க முடியாது. மன்னிக்கவே முடியாத தவறு, அதுவும் விபத்துக்கு அது ஒன்றே காரணம் என்றால்தான் மறுக்கலாம். நீதிமன்றங்கள் இந்த விலக்கை மிகக் குறுக்கியே பொருள்கொள்கின்றன. 16 வயதுக்குட்பட்டவர், 70 வயதைக் கடந்தவர் விஷயத்தில் காப்பீட்டாளருக்கு இந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது; வேண்டுமென்றே தனக்குத் தீங்கு தேடிக்கொண்டாலன்றி அவர்களுக்கு மறுக்க இயலாது.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உடைந்த சைக்கிளுக்கும் பைகளுக்கும் இந்த முழுக் காப்பு இல்லை. அங்கே உங்கள் தவறுக்கேற்ப ஈட்டைக் குறைக்கலாம். ‘உங்கள் மீதும் பாதித் தவறு, ஆகவே பாதிதான்’ என்று வரும் கடிதம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். உடைந்த சக்கரத்துக்கு அந்தக் கணக்கு செல்லும், உடைந்த எலும்புக்குச் செல்லாது.

சட்டம் இருந்தால் போதாது, சான்று வேண்டும். ஐரோப்பா முழுவதும் அவசர உதவி எண் 112. சாலையோரக் கல்லில் உள்ள சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வரும். வண்டியின் எண் பலகையைப் படம் எடுங்கள், சாட்சிகளின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். இரு தரப்பும் நிரப்பும் விபத்துப் படிவத்தை ஓட்டுநர் நீட்டுவார். புரியாத பிரெஞ்சுக்குக் கீழே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வலி பெரிதாகத் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போய்க் காயச் சான்றிதழ் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துத் தோள் தூக்க முடியாமல் போகும்போது அந்தத் தாள்தான் பேசும். காவல் நிலையமோ, கிராமப்புறக் காவல் படையான ஜாந்தார்மரியோ குற்றப் புகாரை வாங்க மறுக்கக் கூடாது. பிரெஞ்சு தெரியாத பாதிக்கப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் பெறும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பாதிக்கப்பட்டோருக்கான 116 006 உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

காப்பீட்டாளர் விபத்து நாளிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஈட்டுத் தொகையை முன்வைக்க வேண்டும். தாமதித்தால் இரட்டை வட்டி. அவர்கள் நடத்தும் மருத்துவப் பரிசோதனைக்கு உங்கள் சொந்த மருத்துவரை அழைத்துச் செல்லலாம், வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம், போலீஸ் அறிக்கையின் நகலைக் கேட்கலாம். நிறுவன மருத்துவர் எழுதும் சதவீதம்தான் பணமாக மாறுகிறது என்பதால், தனியே போய் நிற்காதீர்கள்.

மோதியவர் ஓடிவிட்டாலோ காப்பீடு இல்லாதவர் என்றாலோ அதற்கென்று ஓர் உத்தரவாத நிதி உண்டு. பிரான்சில் வாழ்பவருக்கு அது கைகொடுக்கும். விசாவில் வந்தவருக்கு நாட்டைப் பொறுத்து நிபந்தனைகள் வரும், அப்போது வழக்கறிஞர் அவசியம். இரண்டு சைக்கிள்கள் மோதினால் பதன்தேர் சட்டம் வராது. நீங்கள் ஒரு பாதசாரியை இடித்தாலும் பொறுப்பு உங்களுடையதே. பொறுப்புக் காப்பீடு, பிரான்சில் வாழ்பவருக்கு வீட்டுக் காப்பீட்டோடு பெரும்பாலும் வந்துவிடும்; வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கேட்டு வாங்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் மலைச் சைக்கிள் பயணம் ‘சாகச விளையாட்டு’ என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படும் முன் எழுத்தில் கேட்டுவையுங்கள்.

மேட்டுக்குப் பயந்து மின்சைக்கிள் எடுக்கிறவர்கள் அதிகம். 250 வாட், 25 கி.மீ. வரை மட்டுமே உந்தும் வண்டி சட்டப்படி சைக்கிள்தான். வேகத் தடையை நீக்கியது என்றால் அது மோட்டார் வண்டி ஆகிவிடும். ஓராண்டுச் சிறை, 30,000 யூரோ அபராதம் வரை போகலாம். விபத்தில் சைக்கிள்காரருக்குள்ள காப்பும் கைவிட்டுப் போகும். ‘இது நாற்பதில் போகும் சார்’ என்று யாராவது தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சைக்கிளுக்கு ரயிலில் இடம் பதிவு செய்திருந்தும் தக்க காரணமின்றி ஏற்ற மறுத்தால், 2023 ஜூன் முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய விதிப்படி பணமோ மாற்றுப் பயணமோ கேட்கலாம். திருட்டுப் போனால் புகாருக்குச் சட்டகத்தில் உள்ள அடையாள எண் தேவை. 2021 முதல் கடையில் விற்கும் புதுச் சைக்கிள்களுக்கு அது கட்டாயம். கூடாரம் அடிக்கிறவர்கள், பழைய நினைவுச்சின்னங்களைச் சுற்றியுள்ள பகுதியில் அதற்குத் தடை இருப்பதை மறக்க வேண்டாம். அழகான ஊர் என்றாலே அநேகமாக அந்தத் தடைக்குள் வரும்.

கடைசியாக, மறுபடி விபத்துக்கு வருவோம்: ஈட்டுத் தொகைக்குக் கையெழுத்திட்ட பிறகும் 15 நாளுக்குள் அதைக் கைவிடலாம். உடல் இழப்புக்கு வழக்குத் தொடர, காயம் நிலைப்பட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆகவே மருத்துவமனைப் படுக்கையில் வைத்து எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.