பன்னிரண்டு சொல்லில் ஒரு சாவி

அண்ணன் மகன் முதன்முறையாக ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கியிருந்தான். பெட்டியைப் பிரித்து, பென் டிரைவ் அளவே இருந்த அந்தக் கருவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளே எவ்வளவு பிட்காயின் வைக்கலாம் சித்தப்பா?” என்று கேட்டான். ஒன்றுகூட வைக்க முடியாது என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

அவன் கேட்டதில் தவறில்லை. வாலட் என்றால் மணிபர்ஸ். மணிபர்ஸ் என்றால் உள்ளே பணம் இருக்க வேண்டும். ஆனால் பிட்காயின் எந்தக் கருவிக்குள்ளும் உட்கார்ந்திருப்பதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு 2009 ஜனவரி முதல், உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாக எழுதப்பட்டு வருகிறது. அந்தக் கணக்கில் உங்கள் பங்கை இன்னொருவருக்கு மாற்றி எழுதும் உரிமை ஒரு பெரிய எண்ணிடம் இருக்கிறது. அந்த எண்தான் சாவி; அதை அறிந்தவரே உரிமையாளர். பெயரோ ஆதாரோ கைரேகையோ யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணை ஒளித்துவைப்பதும், தேவைப்படும்போது அதைக்கொண்டு கையெழுத்துப் போடுவதும்தான் கருவியின் வேலை.

இத்தகைய கருவிகளில் முன்னோடி பிறந்த ஊர் செக் நாட்டின் பிராக். அந்நாட்டு நிரலாளர் மாரெக் பலாட்டினஸ் 2010-இல் பலர் கணினிகளைச் சேர்த்துப் புதிய பிட்காயின் ஈட்டும் முதல் கூட்டு மைனிங் குழுவைத் தொடங்கியவர். 2012 மார்ச்சில், அவர் வாடகைக்கு எடுத்திருந்த சர்வருக்குள் யாரோ புகுந்து 3,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சாவி இணையத்தோடு இணைந்த கணினியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே சாட்சி. அவரும் பாவோல் ருஸ்னாக்கும் சேர்ந்து உருவாக்கிய ட்ரெசோர் 2014-இல் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. செக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெட்டகம் என்று பொருள். பிரான்ஸின் லெட்ஜர் நிறுவனமும் அதே ஆண்டில் தொடங்கியது.

இந்தக் கருவியைக் கணினியில் செருகினாலும் சாவி கணினிக்குப் போவதில்லை. ‘இந்த முகவரிக்கு இவ்வளவு அனுப்ப வேண்டும்’ என்ற வரைவு கருவிக்குள் நுழைகிறது; கையெழுத்து மட்டும் வெளியே வருகிறது. கையெழுத்திலிருந்து சாவியைக் கணித்துவிட முடியாதா? இங்கே பயன்படும் கணக்கு ஒரு திசையில் மட்டும் எளிதானது. அரிசியும் உளுந்தும் அரைத்தால் தோசைமாவு. மாவைக் கொடுத்து அரிசியையும் உளுந்தையும் திருப்பிக் கேட்டால் யாராலும் தர முடியாது.

என்னை இன்றும் வியக்க வைப்பது அந்த எண் பிறக்கும் விதம். ஒரு நாணயத்தை 128 முறை சுண்டிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்தால் 0, தலை விழுந்தால் 1. கருவி தனக்குள் கண நேரத்தில் செய்வது ஏறக்குறைய இதைத்தான். கிடைத்த 128 இலக்கங்களோடு, அவற்றிலிருந்தே கணக்கிட்ட நான்கு சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்த்தால் 132. அதைப் பதினொன்று பதினொன்றாக வெட்டினால் பன்னிரண்டு துண்டுகள். பதினோரு இலக்கத் துண்டு ஒவ்வொன்றும் 2,048 விதமாக அமையலாம். அதனால் 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை ஆக்கி, துண்டுக்கு ஒரு சொல்லாக மாற்றினார்கள். 2013-இல் பலாட்டினஸும் ருஸ்னாக்கும் வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய பிஐபி-39 என்ற விதிமுறை இது. ஆங்கிலப் பட்டியல் ‘அபாண்டன்’ என்ற சொல்லில் தொடங்கி ‘ஜூ’ என்பதில் முடிகிறது. முதல் நான்கு எழுத்தைப் படித்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். காகிதத்தில் எழுதிவைத்த கையெழுத்து கோணலாக இருந்தாலும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், செக் போன்ற மொழிகளுக்கும் பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை, நம் மொழியிலும் ஒன்று வரவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

பன்னிரண்டு சொல்தானே, யாராவது ஊகித்துவிட்டால்? 128 முறை சுண்டியதில் வரக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி செய்யும் இயந்திரம் ஒன்று, பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து இந்த 1,380 கோடி ஆண்டுகளாக ஓய்வில்லாமல் முயன்றிருந்தாலும், மொத்தத்தில் எழுபது கோடியில் ஒரு பங்கைக்கூடத் தாண்டியிருக்காது. 24 சொல் என்றால் அந்த எண்ணிக்கை 78 இலக்கத்துக்குப் போய்விடும். இத்தனை பெரிய பூட்டின் சாவி, மளிகைப் பட்டியல் அளவுள்ள ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடுகிறது!

இந்த வலிமை முழுக்கச் சுண்டுவதன் நேர்மையில் இருக்கிறது. சொற்களை நாமே தேர்ந்தெடுத்தால் எல்லாம் போச்சு. பிடித்த பாட்டின் வரியையோ புகழ்பெற்ற வசனத்தையோ சாவியாக்கிக்கொண்ட பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். மனிதர் நினைக்கக்கூடியதை இன்னொரு மனிதரும் நினைப்பார். அதேபோல, வாங்கிய பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்திருந்தால், அந்தக் காகிதத்தின் இன்னொரு பிரதி விற்றவர் கையில் இருக்கிறது என்று பொருள். கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர்கள் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்க வேண்டும் என்பது இதனால்தான். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று போகவே கூடாது.

அன்று அவனும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். கருவியின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றிய சொற்களை அவன் பென்சிலால் காகிதத்தில் எழுதினான். வரிசை மாறாமல் எண் போட்டு எழுதினான். படம் எடுத்தால் என்ன என்று கேட்டான். எடுத்த படம் நமக்குத் தெரியாமலே கிளவுடுக்குப் போய்ச் சேரும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பிரிண்டர் எதுவும் இந்தச் சொற்களைப் பார்க்கவே கூடாது. பிறகு பின் நம்பர் வைத்தான். கருவி தொலைந்தால் எடுத்தவரைத் தடுப்பது அந்த எண்தான்: லெட்ஜர் கருவியில் மூன்று முறை தவறாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். காகிதம் நம்மிடம் இருக்கும்வரை அந்த அழிவால் நமக்கு நட்டமில்லை.

அடுத்து நான் சொன்னதைக் கேட்டு அவன் பயந்துபோனான். ஒரு சிறு தொகையை மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டு, கருவிக்குள் இருப்பதை முழுதாக அழிக்கச் சொன்னேன். அழித்தான். காகிதத்தைப் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே மீண்டும் உள்ளிட்டான். எட்டாம் சொல்லில் ஒரு பிழை; கருவி ஏற்க மறுத்தது. அந்தச் சரிபார்ப்பு இலக்கங்கள் செய்யும் காவல் இது. பன்னிரண்டு சொல்லில் ஒன்று தவறினால், பதினாறில் பதினைந்து முறை அகப்பட்டுவிடும். திருத்தியதும் பழைய தொகை அப்படியே திரையில் வந்து நின்றது. பணம் கருவிக்குள் இல்லை என்று நான் சொன்னபோது புரியாதது அந்த நிமிடத்தில் அவனுக்குப் புரிந்தது. தொடக்கக்காரர் எதைத் தவிர்த்தாலும் இந்த ஒத்திகையைத் தவிர்க்கக் கூடாது.

கருவி இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருடப்பட்டது. வடகொரியாவின் கைவரிசை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. கையெழுத்திட்டவர்கள் ஹார்டுவேர் வாலட்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் பார்த்த இணையப் பக்கத்தில் திருடர்கள் முன்பே கைவைத்திருந்தார்கள். பக்கம் காட்டியது ஒன்று, கருவிக்குள் போனது வேறொன்று. சாவி திருடுபோகவில்லை, வேறு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. நம் கணினியிலும் சிறிய அளவில் இதே மோசடி நடக்கும்: நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது வேறு முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. ஆகவே பொத்தானை அழுத்துமுன் கருவியின் திரையில் இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். புரியாத எதற்கும் ஒப்புதல் தரக் கூடாது.

2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானோரின் விவரங்கள் கசிந்தன. அதன் பிறகு சிலர் வீட்டுக்குத் தபாலில் போலிக் கருவிகளே வந்து சேர்ந்தன, பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறுங்கள் என்ற கடிதத்தோடு. சொற்களைக் கேட்டு நிறுவனம் ஒருபோதும் போன் செய்யாது, மின்னஞ்சல் அனுப்பாது. கேட்பவர் யாராயினும் திருடர்.

இனி காகிதம். 2015 சென்னை வெள்ளத்தில் பத்திரங்களும் சான்றிதழ்களும் நனைந்து நாசமானபோது, நகல் வழங்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. இந்தச் சொற்களுக்கு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. நீருக்கும் நெருப்புக்கும் தாங்கும்படி துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்துக்கொள்வோர் உண்டு. இரண்டு பிரதி எழுதி இரண்டு வீடுகளில் வைப்பதே பெரும்பாலோருக்குப் போதும். சொற்களோடு கூடுதலாக நாமே வைக்கும் ரகசியச் சொற்றொடரான ஒரு பாஸ்பிரேஸ் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. அதை மறந்தால் பணம் போனது போனதுதான் என்பதால் புதியவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அண்ணன் மகன் ஒரு பிரதியை என்னிடம் தர வந்தான். வேண்டாம், உன் அம்மாவிடம் கொடு, அது என்ன என்றும் சொல்லிக் கொடு என்றேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தால், உங்களுக்குப் பிறகு அதைக் குப்பையென்று வீசிவிடாத ஒருவருக்காவது இன்றே அதைப் பற்றிச் சொல்லிவையுங்கள்.