குவாண்டம் யந்திரமும் அறிவுச் செல்வமும்

அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலை வழியே கிண்டியை நோக்கிச் செல்பவர் மத்திய கைலாசத்தை அடைந்ததும் சாலை இரண்டாகப் பிரிவதைக் காண்பார். நேரே சென்றால், 1959-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டி மான் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த ஐ.ஐ.டி.யும், அதே சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் வரும். திரும்பித் தரமணிக்குச் சென்றால், 1962-இல் தோன்றி ‘மேட்சயன்ஸ்’ என்று பெயர் வழங்கும் கணித விஞ்ஞான நிலையம் இருக்கிறது. வாஷிங்டனும் பீஜிங்கும் ஐரோப்பியத் தலைநகரங்களும் இன்று பெரும் பொருளைச் செலவிட்டு நடத்திவரும் குவாண்டம் கணினிப் போட்டிக்கும், இந்தச் சில மைல் வட்டாரத்துக்குள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆரவாரமின்றி நடந்துவரும் ஆராய்ச்சிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதை நம் ஊர்க்காரர்களிலேயே பலர் அறியார்.

முதலில் அந்த யந்திரம் இன்னது என்று சொல்லிவிட வேண்டும். நாம் அன்றாடம் கையாளும் கணினியில் ஒவ்வொரு தகவலும் பூஜ்யம், ஒன்று என்னும் இரண்டு நிலைகளில் ஏதேனும் ஒன்றில்தான் நிற்கும். அணுக்களும் ஒளித்துகள்களும் வாழும் நுண்ணுலகத்திலோ, ஒரு பொருள் இரு நிலைகளும் கலந்த ஒரு நிலையில் இருக்க முடியும் என்பது சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிர்ணயமான உண்மை. அத்தகைய நுண்பொருளைத் தகவலின் அலகாகக் கொண்டால் அதற்குக் ‘க்யூபிட்’ என்று பெயர். க்யூபிட்டுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால், அவற்றின் கூட்டு நிலையை எழுதி வைப்பதற்கு வேண்டிய எண்களின் தொகை ஒவ்வொரு க்யூபிட் சேரும்போதும் இரு மடங்காகப் பெருகி, 50 க்யூபிட்டுகளுக்குள் 11 கோடி கோடியைத் தாண்டிவிடுகிறது. ஆயினும் அளந்து பார்க்கும்போது கிடைப்பது ஒரே ஒரு விடைதான். ஆகையால் தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சரியான விடை மேலோங்கும்படி கணக்கை அமைப்பதிலேதான் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1994-இல் பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கர், பேரெண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் ஒரு முறையை இவ்வாறு வகுத்துக் காட்டியபோதுதான், வங்கிகளும் ராணுவங்களும் ரகசியங்களைப் பூட்டி வைத்திருக்கும் பூட்டுக்கே ஆபத்து வரலாம் என்று அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், குவிந்து கிடக்கும் விவரங்களுக்குள் வேண்டியதை விரைவில் தேடி எடுக்கும் முறையைக் கண்டவர் லவ் குரோவர். மீரட்டில் பிறந்து, டில்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர். அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வகம்.

பிறகு தேசங்களின் ஓட்டம் தொடங்கிற்று. 2016-இல் சீனா ‘மிசியஸ்’ என்னும் செயற்கைக் கோளை ஏவி, மறு ஆண்டிலேயே ஒன்றோடொன்று பிணைந்த ஒளித்துகள்களை 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளியில் இருந்த இரு நிலையங்களுக்குப் பகிர்ந்து காட்டியது. அமெரிக்கா 2018 டிசம்பரில் ஐந்தாண்டுகளுக்கு 120 கோடி டாலர் செலவில் தேசியத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. ஐரோப்பிய யூனியன் அதே ஆண்டில் பத்தாண்டுகளுக்கு 100 கோடி யூரோ என்று தொடங்கியது. 2019-இல் கூகுளின் 53 க்யூபிட் யந்திரமும், 2020-இல் சீனத்து ‘ஜியூஜாங்’ யந்திரமும், சாதாரணக் கணினிகளுக்கு எட்டாத கணக்கைச் செய்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது; அந்தக் கணக்கால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

யந்திரங்களின் பட்டியலை நீட்டுவதில் எனக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. அவற்றின் பின்னால் நிற்கும் மனிதர்களின் கதையே நமக்குப் பாடம். மிசியஸ் திட்டத்தை நடத்திய பான் ஜியான்வெய், ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஆன்டன் ஜைலிங்கர் என்ற பேராசிரியரிடம் பயின்றவர். ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் தாய்நாட்டின் ஹெஃபெய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆய்வகம் ஒன்றைக் கட்டி எழுப்பினார். 2017-இல் பீஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே, அந்தச் செயற்கைக் கோள் வழங்கிய ரகசியக் குறியீட்டைக் கொண்டு நடந்த காணொளி உரையாடலில் மறுமுனையில் அமர்ந்திருந்தவர் அதே ஜைலிங்கர்தான். குரு 2022-இல் நோபல் பரிசு பெற்றார். 2025-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசையும் பாருங்கள்: மின்சுற்றிலேயே குவாண்டம் விளைவைக் காட்டி, இன்றைய க்யூபிட்டுகளுக்கு வழிகோலிய அந்தச் சோதனைகளை 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் செய்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் கிளார்க், பிரான்சிலிருந்து வந்த மிஷேல் டெவொரே, அமெரிக்க மாணவர் ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவர். அந்நியரை வரவேற்று அமர்த்திக்கொண்டதே அமெரிக்க விஞ்ஞானத்தின் பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அத்தகைய தேசம் 2020-இல் சீன ஆராய்ச்சி மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதவை அடைத்ததும், 2024-இல் குவாண்டம் உபகரணங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், 2025 செப்டம்பரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான புதிய ‘எச்-1பி’ விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்ததும் அதன் எதிரிகளுக்குத்தான் நன்மை செய்யும் என்பது என் அபிப்பிராயம். சீனா அடுத்த மாதமே இளம் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு புதிய விசாவைத் தொடங்கிவிட்டது.

நம்மவர் வெளியேறிய சரித்திரம் மிகப் பழையது. மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல், தம் பத்தொன்பதாம் வயதில், கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். அந்தப் பிரயாணத்திலேயே நட்சத்திரங்களின் இறுதிநிலை பற்றி அவர் போட்ட கணக்கு, 1983-இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தபோது அவர் அமெரிக்கப் பிரஜை. ஆனால் இதே சென்னையில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. அரசியல் சட்ட நிபுணர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் குமாரர் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற தம் குடும்ப இல்லத்தின் மாடியில் இளைஞர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு நவீன பௌதிகத்தைப் போதித்துவந்தார். குவாண்டம் சாஸ்திரத்தின் மூலபுருஷர்களில் ஒருவரான நீல்ஸ் போர் 1960 ஜனவரியில் அந்த வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை பம்பாயில் விஞ்ஞானி ஹோமி பாபா அமைத்த பெரிய ஸ்தாபனமும் சென்னையில் இருந்த இந்தச் சிறு மாணவர் குழுவும் என்று அவர் கூறியது பத்திரிகைகளில் வெளியாயிற்று. அப்போது கல்வி மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு நேருவின் சம்மதத்தைப் பெற்றுத்தர, 1962 ஜனவரி 3-ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் சந்திரசேகரின் உரையோடு மேட்சயன்ஸ் உதயமாயிற்று. ஒரு வீட்டு மாடியில் நடந்த படிப்பு இரண்டே ஆண்டுகளில் தேசிய ஸ்தாபனமாயிற்று என்றால், அதற்குக் காரணம் அறிவை மதித்த ஓர் ஆசிரியரும், மதிக்கத் தெரிந்த ஒரு மந்திரியும் ஒரே ஊரில் வாய்த்ததுதான்.

இந்தச் சென்னை மரபுக்கும் இன்றைய குவாண்டம் கணினிக்கும் உள்ள சம்பந்தத்தை இனிப் பார்ப்போம். அந்தக் கணினிக்கு முதல் விரோதி புறவுலகம். சிறிது வெப்பமோ அதிர்வோ பட்டாலும் க்யூபிட்டின் கலப்பு நிலை கலைந்துபோகிறது. அவ்வாறு புறச்சூழலோடு உறவாடும் குவாண்டம் பொருள் எப்படி மாறும் என்பதற்குப் பொதுவான கணித இலக்கணத்தை 1961-இலேயே எழுதியவர்கள் ஈ.சி.ஜி. சுதர்சன், பி.எம். மாத்யூஸ், ஜயசீதா ராவ் ஆகிய மூவர். சுதர்சன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்து மேட்சயன்ஸின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். மாத்யூஸோ கிண்டி வளாகத்துக் கோட்பாட்டுப் பௌதிகத் துறையை வளர்த்தவர்; வெங்கடேசன் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய குவாண்டம் பாடநூலைப் படிக்காத இந்தியப் பௌதிக மாணவர் அரிது.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ சஞ்சிகையின் ஒரே இதழில், ஒரே கேள்வியைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாயின. இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பிணைந்திருக்கின்றனவா, இல்லையா என்பதை அளவீடுகளிலிருந்து எப்படித் தீர்மானிப்பது என்பதே அந்தக் கேள்வி. 2722-ஆம் பக்கத்தில் தொடங்குவது, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலிருந்து டுவான் லூமிங் என்ற சீன இளைஞர் மூன்று ஐரோப்பியர்களுடன் சேர்ந்து எழுதியது; 2726-ஆம் பக்கத்தில் தொடங்குவது, தரமணி மேட்சயன்ஸிலிருந்து ஆர். சைமன் தனியொருவராக எழுதியது. இன்றும் உலகத்தின் எந்த மூலையில் எவர் அப்பிணைப்பைச் சோதித்தாலும் இவ்விரண்டையும் சேர்த்தே உரைகல்லாகக் கொள்கிறார்கள். அதாவது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சீனரும் நாமும் அறிவின் அளவில் பக்கத்துப் பக்கத்தில், சொல்லப்போனால் அடுத்தடுத்த ஏட்டில், நின்றுகொண்டிருந்தோம்.

டுவான் அமெரிக்காவின் மிச்சிகனில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2018-இல் முழுநேரமாகப் பீஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 2024-இல் அவருடைய குழு 300 அயனிகளைக் க்யூபிட்டுகளாக நிறுத்தி ஒரு குவாண்டம் பரிசோதனையை நடத்திக் காட்டியது. தாளும் எழுதுகோலும் போதுமாயிருந்த வரையில் நாம் எவர்க்கும் பின்தங்கவில்லை. உபகரணம் வேண்டியிருந்த இடத்தில்தான் பின்தங்கினோம்.

அந்த உபகரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மின்சுற்றால் ஆன க்யூபிட்டுகள் இயங்க வேண்டுமானால், தனிப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் ஓரிரு பங்கு என்ற அளவுக்கு அவற்றைக் குளிர்விக்க வேண்டும். அதற்கான குளிர்விப்பான், தலைகீழாகத் தொங்கவிட்ட கொலுப்படிபோல் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தது. கீழே இறங்க இறங்கக் குளிர் கூடும். ஹீலியத்தின் இருவகை ஐசோடோப்புகளின் கலவை அதற்குள் சுற்றிக்கொண்டேயிருக்கும். மேலிருந்து மெல்லிய கம்பிகள் தட்டுக்குத் தட்டு இறங்கி, கடைசித் தட்டிலுள்ள சிறு சில்லை அடையும். நூற்றுக்கணக்கான அந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்தாலும் யந்திரத்தை மறுபடி சூடேற்றித் திறந்து, சரிசெய்து, மூடி, மீண்டும் நாட்கணக்கில் குளிர்விக்க வேண்டும். அந்தக் கம்பியை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்த கை, வெற்றிடப் பம்பின் ஓசையைக் கேட்டே கோளாற்றை அறியும் காது, இவை பட்டத்தால் வருவன அல்ல. பத்தாண்டுப் பழக்கத்தால் வருவன. மேதைகளைப் பற்றியே பேசும் நாம் இத்தகைய தொழில்நுட்பரைப் பற்றிப் பேசுவதேயில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்திய அரசு வாளாவிருக்கிறது என்று சொல்ல முடியாது. 2020 பட்ஜெட்டில் 8,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட திட்டம், 2023 ஏப்ரல் 19 அன்று 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கமாக மத்திய மந்திரிசபையின் ஒப்புதலைப் பெற்றது. எட்டாண்டுகளுக்குள் 50 முதல் 1,000 க்யூபிட் வரையுள்ள கணினிகளை ஆக்குவது அதன் இலக்கு. நான்கு மையங்களில் கணினிக்குரியது பெங்களூருக்கும், ரகசியத் தகவல் தொடர்புக்குரியது நமது சென்னை ஐ.ஐ.டி.க்கும் வந்தன. 2022-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் குவாண்டம் கூட்டமைப்பில் முதல் இந்தியக் கல்வி ஸ்தாபனமாகச் சேர்ந்து, தொலைவிலுள்ள யந்திரங்களில் இங்கிருந்தபடியே கணக்குச் செய்யும் வாய்ப்பைத் தன் மாணவர்களுக்குப் பெற்றுத்தந்ததும் இதே ஐ.ஐ.டி.தான். பெங்களூரின் ‘க்யூபிஏஐ’ நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 க்யூபிட் கணினியை அறிமுகம் செய்தது. ஆரம்பம் நன்றே.

ஆனால் ஆளில்லாத ஆய்வகம் பாழ். ஆராய்ச்சி மாணவரின் மாத உதவித்தொகை 2023-இல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, நல்ல காரியம். அந்தத் தொகையும் மாதக்கணக்கில் வராமல், வீட்டு வாடகைக்குக் கடன் வாங்க நேர்கிறது என்ற புகார் நாட்டின் பல பாகங்களிலிருந்து எழுந்துகொண்டேயிருக்கிறது. அந்த இளைஞன் தரமணி அறையிலிருந்து வெளியே வந்தால், பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் கம்பெனிகள் அவனை அழைக்கின்றன. இன்னும் சற்று முயன்றால் ஜெர்மனியோ சிங்கப்பூரோ அழைக்கின்றன. தேசபக்தியைப் பற்றி அவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மேட்சயன்ஸ் இருக்கும் அதே தரமணியில், தொழிற்கல்வியில் பெயர்பெற்ற மத்திய பாலிடெக்னிக்கும் இருக்கிறது. அதிகுளிர் நுட்பத்தையும் வெற்றிட நுட்பத்தையும் அங்கே ஒரு பாடமாக வைத்து, தேறியவர்களை அருகிலுள்ள ஆய்வகங்களில் நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்தினால், அடையாற்றங்கரையிலேயே ஒரு தொழில்நுட்பப் பரம்பரை உருவாகும். மாநில அரசு இதை இந்தக் கல்வியாண்டிலேயே யோசிக்க வேண்டும், மத்திய அரசு ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையை மாதம் முதல் தேதி தவறாமல் அவர் கணக்கில் சேர்ப்பிக்க வேண்டும், அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளையைப் பார்த்து “இதில் என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்கும் பெற்றோர், ஒரு விடுமுறை நாளில் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஐ.ஐ.டி.யைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கும் நாளுக்கோ மேட்சயன்ஸின் பொதுச் சொற்பொழிவுக்கோ ஒருமுறை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.